அடுத்த வீட்டுக் கதவு

பெரம்பலூரை அடுத்துத் துறைமங்கலம் என்றோர் ஊர் உண்டு. ஈழத்திலிருந்து உயிர் பிழைக்க வந்த தமிழர்க்கென அமைந்த முகாம் ஒன்று அங்கே இருக்கிறது. நீண்ட காலம் அதற்கு ‘அகதிகள் முகாம்’ என்று பெயர். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அச்சொல்லை நீக்கி, இத்தகைய முகாம்கள் அனைத்தையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்றழைக்கப் பணித்தது. நல்ல செயல். சொல் மாறியது, ஆனால் சுமை மாறிற்றா? தமிழ் மண்ணிலேயே பிறந்து, தமிழ்ப் பள்ளியிலேயே பயின்று, குடியுரிமை மட்டும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் அம்முகாம்களில் ஏராளம். அவர்களின் பெற்றோரைக் கேட்டால், பாட்டன் பாட்டியரைக் கேட்டால், ‘எங்கே ஒளிந்திருந்தோம், யார் கதவு திறந்தார்கள், யார் காட்டிக் கொடுத்தார்கள்’ என்று சொல்லுவார்கள். கேட்டோமா நாம்?

அதே பெரம்பலூருக்குக் கிழக்கே அரியலூர்; அரியலூருக்குக் கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம். இராசேந்திரன் எழுப்பிய கோயிலின் முன் நின்று, “ஈழத்தை வென்றவன் எங்கள் மன்னன்!” என்று மார்தட்டுவோர் நம்மில் பலர். ஈழத்தை வென்ற வேந்தன் பெயர் தெரியும். ஈழத்தில் எரிந்த வீட்டிலிருந்து தப்பி வந்த சிறுவன் பெயர் தெரியாது! மேடையிலே வேந்தன் வாள். முகாமிலே சிறுவன் கண்ணீர். முன்னதைப் பற்றிப் பேச நமக்கு நூறு பேச்சாளர். பின்னதைப் பற்றி எழுத எத்தனை எழுத்தாளர்?

இந்தக் கேள்வியோடுதான் இரண்டு நூல்களை இங்கே எடுத்துக் கொள்கிறோம். ஒன்று, ஐரோப்பாவில் இட்லர் ஆட்சியின்போது ஒளித்து வைக்கப்பட்டுப் பிழைத்த ஒரு யூதச் சிறுவனின் வாழ்க்கைக் குறிப்பு. மற்றொன்று, 1983-இல் கொழும்பில் அண்டை வீட்டில் ஒளிந்து பிழைத்த ஒரு தமிழ்ச் சிறுவனைப் பற்றிய புதினம். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், தனித்தனியே படிக்கும்போது தெரியாத பல தெரிகின்றன.

முதல் நூலை எழுதியவர் சவுல் பிரீட்லாண்டர். நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘நினைவு வரும்போது’ எனலாம். 1978-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. பிற்காலத்தில் யூதர் அழிப்பின் வரலாற்றை எழுதி, 2008-இல் புலிட்சர் பரிசு பெற்ற வரலாற்றறிஞர் இவர். 1932-இல் பிராகா நகரில் பிறந்தார். வீட்டிலே செருமன் மொழி. மதப்பற்று மிகக் குறைவு. ‘நாங்கள் யூதர்’ என்று அவர்கள் தம்மை எண்ணியதைவிட, ‘நீங்கள் யூதர்’ என்று பிறர் அவர்களுக்கு எண்ணிக் காட்டியதே மிகுதி. 1939-இல் நாட்டை விட்டோடிப் பிரான்சு சேர்ந்தனர். 1942-இல் அங்கும் வேட்டை தொடங்கிற்று. பெற்றோர் செய்வதென்ன? மகனை மொந்லுசோன் நகரத்துக் கத்தோலிக்க விடுதிப் பள்ளி ஒன்றில் விட்டனர். தாம் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்றனர். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டனர், பிரெஞ்சுக் காவலர் கையில் சிக்கினர், செருமானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர், ஆசுவிட்சில் அழிந்தனர். கதவு ஒன்று மகனுக்குத் திறந்தது. கதவு ஒன்று பெற்றோருக்கு மூடிற்று. இரண்டு கதவுகளுக்கும் இடையே இருந்தது ஒரு சிறுவனின் வாழ்வு முழுவதும்.

திறந்த கதவும் விலையின்றித் திறக்கவில்லை. சிறுவனுக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. பாவெல் என்பது அவன் பிறந்தபோது இட்ட பெயர். பள்ளியிலே பால்-ஆன்ரி ஃபெர்லாண்ட் ஆனான். பெயர் போயிற்று, பிறப்பின் அடையாளம் போயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அவன் நல்ல கத்தோலிக்கனாகவே மாறினான். பாதிரியாகவே ஆகிவிட விரும்பினான். 1946-இல் ஓர் இயேசு சபைப் பாதிரியார்தான் அவனுக்கு ஆசுவிட்சு பற்றியும், யூத வெறுப்பு எப்படி வளர்ந்தது என்பது பற்றியும் எடுத்துரைத்தார். அன்றுதான் அச்சிறுவன் தன் பெற்றோரின் முடிவை அதன் உண்மைப் பொருளோடு உணர்ந்தான். தான் யார் என்ற கேள்வியை எழுப்பினான்.

பகுத்தறிவாளராகிய நாம் இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். “பார்த்தீர்களா, உயிர் காக்க வந்த இடத்திலும் மதம் மாற்றினார்கள்!” என்று கைகொட்டி விட்டு நகர்வது எளிது. நூலாசிரியர் அவ்வளவு எளிதாக நம்மை விடவில்லை. அவனைக் காத்தவர்களும் மத நம்பிக்கையாளர்கள். உண்மையைச் சொல்லி அவனை விடுவித்தவரும் ஒரு பாதிரியார். நம்பிக்கை கொண்ட மனிதன் நல்லவனாக இருக்க முடியும். அதை மறுப்பது பகுத்தறிவன்று. ஆனால் ஒரு குழந்தையின் உயிரைக் காப்பதற்கும் அதன் உள்ளத்தைக் கைப்பற்றுவதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டை மதம் எத்தனை இயல்பாகத் தாண்டிவிடுகிறது என்பதையும் இந்நூல் காட்டுகிறது. ஆசிரியர் ஆத்திரப்படவில்லை, பட்டியல் போடவில்லை, தம் பெயர் எத்தனை முறை மாறிற்று என்று மட்டும் சொல்லிச் செல்கிறார். அந்த அமைதிதான் நூலின் வலிமை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அந்நூல் சிறுவனின் கதையோடு நிற்கவில்லை. இடையிடையே 1977-இல் எருசலேமில் அமர்ந்து எழுதிய நாட்குறிப்புகள் வருகின்றன. தமக்கென நாடு பெற்ற மக்கள், அந்த மண்ணிலே வாழ்ந்த அரபு மக்களோடு கொண்ட மோதல் அவரை உறுத்துகிறது. ஒருகாலத்தில் ஒளிந்து வாழ்ந்தவன், தன் இனம் ஆட்சியில் அமர்ந்தபின் பிறருக்குக் கதவு திறக்கிறானா என்று தன்னையே கேட்டுக் கொள்வதுதான் நேர்மை. துன்பப்பட்டோம் என்பது நமக்குத் தரப்பட்ட உரிமைச் சீட்டன்று. அது நம்மீது விழுந்த கடமை.

இனி இரண்டாவது நூல். ஷியாம் செல்வதுரை எழுதிய ‘ஃபன்னி பாய்’. 1994-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆசிரியர் 1965-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983-க்குப் பின் குடும்பத்தோடு கனடா சென்றவர். புதினத்தின் நாயகன் அர்ஜி என்னும் சிறுவன். செல்வரத்தினம் என்பது குடும்பப் பெயர். ஆறு பகுதிகள், அவற்றுள் கடைசிப் பகுதி கலவர நாட்குறிப்பு.

ஒப்பிடுமுன் ஓர் எச்சரிக்கை. இட்லர் ஆட்சி செய்தது ஓர் இனத்தையே வேரோடு அழிக்கும் திட்டம். பதினைந்து லட்சம் யூதக் குழந்தைகள் அதில் மாண்டனர். ஒளிந்தவர் ஆண்டுக்கணக்கில் ஒளிந்தனர். 1983 சூலையில் இலங்கையில் நடந்தது சில நாள்களில் மூண்டெழுந்து, அரசு வேண்டுமென்றே காலந்தாழ்த்தி அடக்கிய வன்கொடுமை. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றென்று சொல்வோர் இரண்டிற்கும் தீங்கு செய்கின்றனர். ஆனால் ஒன்றுபோலத் தொடங்கின என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

எப்படித் தொடங்கின? தீவட்டியோடு அன்று, சட்டத்தோடு! செருமனியிலே 1935-இல் நூரம்பர்க் சட்டங்கள். யார் குடிமகன், யார் அல்லன் என்று பிரித்தன. இலங்கையிலே 1956-இல் தனிச் சிங்களச் சட்டம். யார் மொழி ஆட்சிமொழி, யார் மொழி அன்று எனப் பிரித்தது. இரண்டே ஆண்டில், 1958-இல், முதல் பெருங்கலவரம். பிறகு 1977, பிறகு 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிப்பு, பிறகு 1983. சட்டம் கோடு போட்டது. கும்பல் அந்தக் கோட்டின் மேல் நடந்தது.

மற்றோர் ஒற்றுமை, பட்டியல். ஆலந்து நாட்டில் குடிமக்கள் பதிவேடு மிகச் செம்மையாக இருந்தது. அந்தச் செம்மையே யூதருக்கு நஞ்சாயிற்று. ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் யூதருள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அழிந்தனர். கொழும்பிலே கும்பலின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்தத் தெருவில் எந்த எண் வீடு தமிழர் வீடு என்று தேடித் தேடி எரித்தனர். வாக்களிக்கத் தந்த பெயரே வாயிலுக்குத் தீ வைக்க வழி காட்டிற்று! வெலிக்கடைச் சிறையில் சூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். பூட்டிய கதவுக்குள் இருந்தவர்க்கும் காப்பில்லை. சூலை 28-இல் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய குடியரசுத் தலைவர் செயவர்த்தனாவின் வாயிலிருந்து, பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் ஆறுதல் சொல் வரவில்லை.

இந்தப் பின்னணியில் அர்ஜியின் கதையைப் பார்ப்போம். அவன் தந்தை, காலத்தோடு ஒத்துப் போகும் மனிதர். ஓட்டல் தொழில். எதிர்காலம் சிங்களத்தில்தான் என்று கருதிப் பிள்ளைகளைச் சிங்கள வழி வகுப்பிலேயே சேர்த்தார். ‘ஒத்துப் போனால் ஒன்றும் வராது’ என்பது அவர் கொள்கை. வந்ததா, வரவில்லையா? வந்தது! பட்டியலில் பெயர் இருந்தது. ஒத்துப் போனாரா என்ற குறிப்பு பட்டியலில் இல்லை. குடும்பம் அண்டையிலுள்ள சிங்களக் குடும்பத்தாரிடம் ஓடி ஒளிகிறது. அங்கே இருந்தபடியே தம் வீடு அழிவதை உணர்கிறது. பாட்டனும் பாட்டியும் காரோடு எரிக்கப்படுகின்றனர். எஞ்சியோர் நாட்டை விட்டுப் போகின்றனர்.

இதுமட்டும் இருந்தால் இது கலவரத்தைச் சொல்லும் மற்றொரு கதை. ஆனால் செல்வதுரை செய்திருப்பது வேறு. அர்ஜி கலவரத்துக்கு வெகு முன்பே ஒளிந்து வாழத் தொடங்கிவிட்டவன். யாரிடமிருந்து? தன் வீட்டாரிடமிருந்து! பெண் பிள்ளைகளோடு கூடி மணப்பெண் வேடமிட்டு விளையாடியவன் அவன். ஆண்பிள்ளை அவ்வாறு விளையாடலாகாது என்று விரட்டப்பட்டவன். வளர்ந்தபின் தன் காதல் தன்னைப் போன்ற ஓர் ஆணிடம் செல்வதை உணர்ந்தவன். அவனுக்குத் தமிழ் வீடே முதல் ஒளிவிடம். அங்கே அவன் ஒளித்தது தன்னையே. அதே வீட்டில், சிங்கள இளைஞனை விரும்பிய ராதா என்னும் அத்தையின் காதல் நசுக்கப்படுகிறது. நசுக்குகிற பாட்டியின் தந்தை 1958 கலவரத்தில் கொல்லப்பட்டவர். வெறுப்பு ஒரு வீட்டை எரித்தது. எரிந்த வீட்டின் சாம்பலிலிருந்து மற்றொரு வெறுப்பு முளைத்தது. அது ஓர் இளம்பெண்ணின் வாழ்வை எரித்தது. ‘நம் இனம், அவர் இனம்’ என்று வெளியே கும்பல் பிரித்த அதே கோட்டை உள்ளே குடும்பமும் பிரித்துக் கொண்டிருந்தது. கடைசியில் அர்ஜிக்கும் அவன் சிங்களத் தோழனுக்கும் இடையிலும் அந்தக் கோடு வந்து விழுகிறது.

நம் அணியைச் சேர்ந்த இளைஞர் சிலர் இந்நூலைக் கையிலெடுத்து, ‘1983 பற்றிய பகுதி எங்கே?’ என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டுவதும், முன்பகுதிகளைக் கண்டு நாணுவதும் நகைப்பதும் நமக்குத் தெரியும். தோழர்களே, இது தவறு. சாதி மறுப்பு மணத்தை மேடையேற்றிய இயக்கத்தில் வந்தவர்கள் நாம். பிறப்பின் பேரால் ஒருவரை இழிவு செய்யலாகாது என்று சொன்ன வாயால், இயல்பின் பேரால் ஒருவரை இழிவு செய்யலாமோ? வில்லெம் அரொண்டேயஸ் என்ற ஆலந்துக் கலைஞரை நினையுங்கள். 1943 மார்ச்சு 27-இல் தோழர்களோடு ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்து, யூதரைக் காட்டிக் கொடுத்த அட்டைகளுக்குத் தீ வைத்தவர். அவரும் அர்ஜியைப் போன்ற இயல்பினர். அதே ஆண்டு சூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்மைப் போன்றோர் கோழைகள் அல்லர் என்பதை உலகுக்குச் சொல்லுமாறு இறக்குமுன் கேட்டுக் கொண்டார். பட்டியலை எரித்த அந்தக் கையை இழிவென்று சொல்லும் துணிவு யாருக்குண்டு?

நூலில் குறையே இல்லையா? உண்டு, சொல்வோம். முதலாவது, இது ஆங்கிலம் பேசும் கொழும்புச் செல்வக் குடும்பத்தின் கதை. அவர்க்குக் கனடா என்ற கதவு இருந்தது. மலையகத் தோட்டத்துத் தொழிலாளியின் மகனுக்கு எந்தக் கதவு இருந்தது? படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபத்தில் பதிந்து, பெரம்பலூர் போன்ற ஊர்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டவரின் நாட்குறிப்பு எங்கே? செல்வதுரையைக் குறை கூறி இதைக் கேட்கவில்லை. அவர் தாம் அறிந்ததை எழுதினார். தமிழில் எழுதும் நம்மைக் கேட்கிறோம்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஒளித்து வைத்த சிங்களக் குடும்பத்தை நாம் போதிய அளவு அறிந்து கொள்ளவில்லை. அவர்கள் கதவைத் திறந்தார்கள்; ஏன் திறந்தார்கள்? அன்றிரவு கணவனும் மனைவியும் என்ன பேசிக் கொண்டார்கள்? தம் பிள்ளைகளின் உயிரை எண்ணி ஒரு நொடி தயங்கினார்களா? புதினம் சிறுவனின் கண்ணால் சொல்லப்படுவதால் இது இயல்பான குறையே. ஆயினும் குறைதான். பிரீட்லாண்டரின் நூலிலும் காத்தவர்களின் உள்ளம் நமக்கு அரைகுறையாகவே தெரிகிறது. ஒளிந்தவர் எழுதும் அளவுக்கு ஒளித்தவர் எழுதுவதில்லை. உலக இலக்கியத்திலேயே இது பெரிய வெற்றிடம்.

இந்த வெற்றிடம் நமக்கு ஏன் முக்கியம்? இத்தகைய நூல்களைப் படிக்கும் நாம் எல்லோரும் ஒளிந்த சிறுவனாகவே நம்மை எண்ணிக் கொள்கிறோம். அவனோடு நடுங்குகிறோம்; அவனோடு அழுகிறோம்; நூலை மூடி வைத்துத் தூய்மை பெற்றவராக எழுகிறோம். ஆனால் நம் வாழ்வில் நமக்கு வாய்க்கக்கூடிய இடம் பெரும்பாலும் சிறுவனின் இடம் அன்று. அடுத்த வீட்டுக்காரனின் இடமே! சேரியில் தீ வைக்கப்படும் இரவில், ஊர்த் தெருவில் கதவைத் தாழிட்டுக் கொண்டு படுத்திருப்பவன் யார்? சாதி மறுத்து மணந்த இணையர் ஓடிவந்து கதவைத் தட்டும்போது, ‘நமக்கேன் வம்பு’ என்பவன் யார்? அவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை எந்த நூலும் கேட்கவில்லை என்றால், நாமே நம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

கதவைப் பற்றிப் பேசும்போது நாட்டின் கதவையும் பேசத்தான் வேண்டும். 2019-இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிசுத்தான், வங்கதேசம், ஆப்கானிசுத்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரில் இன்னின்ன மதத்தார்க்கு வழி உண்டு என்று வரையறுத்தது. இசுலாமியர் அதில் இல்லை; ஈழத் தமிழரும் அதில் இல்லை. மொந்லுசோன் பள்ளியில் சிறுவனைப் பெயர் மாற்றிச் சேர்த்துக் கொண்டனர்; இங்கே அரசே வாயிலில் நின்று, ‘உன் மதம் என்ன? உன் நாடு எது?’ என்று கேட்டுத்தான் தாழ்ப்பாளைத் தொடுகிறது. ஓடி வருபவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘உனக்கு ஆபத்தா?’

கடைசியாக நம் மண்ணுக்கே வருகிறோம். அரியலூர் வட்டாரத்துக் கீழப்பழுவூர், சின்னசாமியைத் தந்த ஊர். 1964 சனவரி 25-இல் திருச்சி தொடர்வண்டி நிலையத்தில், தமிழுக்காகத் தன் உடலைத் தீக்கு ஈந்தான் அந்த இளைஞன். அவன் பெயரைச் சொல்லும்போது நம் குரல் இன்றும் தழுதழுக்கிறது, தழுதழுக்கட்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மாண்டவனைப் போற்றக் கற்றுக் கொண்ட நாம், பிழைத்தவனைக் கேட்கக் கற்றுக் கொள்ளவில்லை. தீயில் விழுந்தவனுக்குச் சிலை உண்டு. தீயிலிருந்து ஓடிவந்தவனுக்கு முகாம்தான் உண்டு! மொழிக்காக இறந்தவன் வீரன் என்றால், அந்த மொழியைப் பேசியதற்காகவே வேட்டையாடப்பட்டு, அந்த மொழியையே பேசிக் கொண்டு உயிரோடு நம்மிடம் வந்து சேர்ந்தவன் யார்?

பிரீட்லாண்டர் தம் நூலுக்கு ‘நினைவு வரும்போது’ என்று பெயரிட்டார். 1958 கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு இலண்டன் சென்ற அம்பலவாணர் சிவானந்தன் 1997-இல் வெளியிட்ட தம் புதினத்துக்கு ‘நினைவு இறக்கும்போது’ என்று பொருள்படும் பெயரை இட்டார். நினைவு வருவதும் இறப்பதும் விதியன்று. அது கேட்பாரைப் பொறுத்தது. 1983-இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அன்று அவர்களைத் தூக்கிச் சுமந்த கைகள் பல ஓய்ந்துவிட்டன.

ஆகவே இளந்தோழர்களே, இந்த இரு நூல்களையும் படியுங்கள். படிப்பு மன்றங்களில் வைத்து வாதிடுங்கள். படித்து முடித்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஏடும் எழுதுகோலும் எடுத்துக் கொண்டு அருகிலுள்ள முகாமுக்குப் போங்கள். பேச்சாளராக அல்ல, பிள்ளைகளாகப் போங்கள். ‘அம்மா, அன்றிரவு உங்களுக்குக் கதவு திறந்தவர் யார்?’ என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால் எழுதிக் கொள்ளுங்கள். விரும்பாவிடில் வணங்கித் திரும்புங்கள். திறந்தவர் சிங்களவராக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இனவெறிக்கு எதிராக நாம் காட்டக்கூடிய சான்றுகளில் அதைவிடச் சிறந்தது வேறில்லை.